திசைகாட்டிக்கு இன்னும் வேலை இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், 'ஜி.பி.எஸ். வந்தபின் காந்தத் திசைகாட்டி அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது' என்று ஒரு வரி வந்திருக்கிறது. கப்பல் படிப்புக்குத் தயாராகிவரும் என் தங்கை மகன் அதைக் கொண்டுவந்து காட்டி, "இதையெல்லாம் இனி எதுக்கு மாமா படிக்கணும்?" என்று கேட்டான். என் வார்த்தையைவிட உங்கள் பத்திரிகையை நம்புகிற வயசு. அதனால்தான் எழுதுகிறேன்.

கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச விதிகளான சோலாஸ் தங்களுக்குத் தெரியாதவை அல்ல. அதன் ஐந்தாம் அத்தியாயப்படி, மின்சாரம் இல்லாமலே கப்பலின் திசையைக் காட்டும் கருவி எல்லாக் கப்பலிலும் இருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் காந்தக் காம்பஸ்தான். மின்சாரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். வங்கக் கடலில் ஒரு நள்ளிரவு, என் வாட்ச், அதாவது என் காவல் முறை. ஜெனரேட்டர் நின்று கப்பலே இருண்டுவிட்டது. விளக்கு வந்த பிறகும், மின்சாரத்தில் சுழலும் கைரோ காம்பஸ் உடனே தேறவில்லை. மறுபடி வடக்கைப் பிடித்து நிலைக்க அதற்கு மணிக்கணக்கில் ஆகும். கூரைமேல் இருக்கும் காந்தக் காம்பஸின் திசை குறித்த அட்டை, கீழே இறங்கும் பெரிஸ்கோப் கண்ணாடியில் தெரியும். சுக்கானி அதைப் பார்த்தபடிதான் விடியும்வரை கப்பலை ஓட்டினார். ஜி.பி.எஸ். நாம் இருக்கும் இடத்தைச் சொல்லும். நின்றுபோன கப்பலின் முகப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைச் சாதாரண ஜி.பி.எஸ். சொல்லாது. இடத்தையும் எப்போதும் சரியாகச் சொல்வதில்லை. 2017 ஜூனில் கருங்கடலில் நின்ற கப்பல்களை ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியது.

காம்பஸ் காட்டுவதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசமான வேரியேஷன் இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். அப்புறம் கப்பலின் இரும்பே காம்பஸை இழுக்கிற டீவியேஷன் வேறு. 1854 ஜனவரியில் டெய்லர் என்ற புது இரும்புக் கப்பல் லிவர்பூலை விட்டுப் புறப்பட்ட இரண்டே நாளில் அயர்லாந்தின் லாம்பே தீவில் மோதியது. 300 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இரும்பு உடலால் காம்பஸ் தவறாகக் காட்டியதும் அதற்கு ஒரு காரணம். இதனால்தான் இன்றைக்கும் வாட்ச்சுக்கு வாட்ச் சூரியனையோ நட்சத்திரத்தையோ பார்த்துக் காம்பஸின் பிழையைக் கணக்கிட்டு எழுதிவைக்கிறோம். இந்த உழைப்பைத்தான் உங்கள் கட்டுரையாளர் ஒரே வரியில் தள்ளிவிட்டார்.

இது முதல் தடவையும் இல்லை. 1983-ல் வழிதவறி, சோவியத் தீவான சகாலின் அருகே சுட்டு வீழ்த்தப்பட்ட கொரிய விமானத்தைப் பற்றி நீங்கள் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். 269 உயிர்கள் போயின. ஆட்டோபைலட் ஒரே காந்தத் திசையைப் பிடித்தபடி பறந்ததையும், விமானிகள் அதைக் கவனிக்காததையும் 1993-ல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் அறிக்கை சொன்னது. உங்கள் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிறகு ஒரு இதழில், பூமியின் காந்தத் துருவங்கள் தலைகீழாகி விமானங்கள் விழும் என்று அட்டைப்படமே போட்டீர்கள். துருவம் நகர்கிறது, உண்மைதான். அதைத் துறைக்காரர்கள் கவனித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஓடுபாதை எண் என்பதே, பத்துப் பத்துப் பாகையாகக் கணக்கிட்ட காந்தத் திசை. அதனால் ஃபுளோரிடாவின் டாம்பா விமான நிலையம் 2011-ல் 18 என்ற எண்ணை அழித்து 19 என்று எழுதியது. பூமியின் காந்தப்புலத்தைக் கணக்கிட உதவுவது உலகக் காந்த மாதிரி. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் அதை, வட காந்தத் துருவம் வேகமாக நகர்ந்ததால் 2019-லேயே இடையில் திருத்தினார்கள். துருவங்கள் தலைகீழாவதற்கோ ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். இதையெல்லாம் அப்போதே எழுதி அனுப்பினேன். 'அட்டைப்படம் அருமை' என்ற என் முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். மனம் நொந்துதான் போனேன். ஆனாலும் சந்தாவை நிறுத்தவில்லை.

இப்போது பெரிதாக எதையும் கேட்கவில்லை. காந்தக் காம்பஸ் இன்றும் சட்டப்படி கப்பலில் இருக்கிறது, விமானி அறையிலும் இருக்கிறது என்று அடுத்த இதழின் அறிவியல் பக்கத்தில், அதே எழுத்தளவில், ஒரு வரித் திருத்தம் போடுங்கள். பையனிடம் காட்ட வேண்டும்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி,
தூத்துக்குடி.