மாணிக்கத்தின் பஜ்ஜி

பாளையங்கோட்டை,
ஐப்பசிக் கடைசி

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வாசலில் நின்றபடியே படித்தேன். நான் சிரித்த சிரிப்பைக் கேட்டு, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கோமதி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். ஏர் ஃபிரையரில் பஜ்ஜி போடப்போய், மாவெல்லாம் கூடையின் ஓட்டை வழியாக இறங்கிக் கீழே தோசையாகிவிட, வாழைக்காய் மட்டும் மேலே அம்மணமாகக் கிடந்தது என்று எழுதியிருந்தாயே, அந்த இடம் வந்ததும் அவளாலும் அடக்க முடியவில்லை. அப்புறம் அவளே, "பாவம், அண்ணன் ஆசையா செஞ்சிருப்பாங்க. கேலி பண்ணாம உருப்படியா பதில் எழுதுங்க" என்றாள். கேலி இத்தோடு சரி. இனி உருப்படி.

வீட்டுச் சேதி முதலில். ஆடியில் கோமதிக்கு வலது முழங்கால் மாற்று ஆபரேஷன் நடந்தது. இப்போது கம்பு இல்லாமல் நடக்கிறாள். ஆனால் அடுப்படியில் அரைமணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. காலைப் பலகாரம் அவள் பொறுப்பு, மதியச் சமையல் என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். முப்பத்து மூன்று வருஷம் கரண்ட் ஆபீஸில் குப்பை கொட்டியவன் இன்றைக்கு ரசத்துக்குப் புளி கரைக்கிறேன். இதைப் பார்த்துத்தான் பெங்களூரு மகள் ஏர் ஃபிரையரை வாங்கி அனுப்பினாள். உன் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தது கொலஸ்ட்ரால், என் வீட்டுக்கு முழங்கால். வந்து மூன்று மாதம் ஆகிறது. நீ செய்த தப்பில் பாதியை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன்.

என் தப்பில் பெரியதைச் சொல்கிறேன், வெளியே சொல்லிவிடாதே. வந்த மெஷின் 1500 வாட். கணக்குப் போட்டால் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதனால்தான் பிளக்கில் தடித்த பின் வைத்திருக்கிறார்கள். எங்கள் அடுப்படி மேடையில் மிக்ஸிக்குப் போட்ட 6 ஆம்பியர் சாக்கெட் மட்டும்தான் கைக்கு எட்டுகிற தூரத்தில். பெரிய பின்னைச் சின்ன சாக்கெட்டில் மாட்டுகிற கன்வர்ட்டர் ஒன்று அலமாரியில் கிடந்தது. "இருபது நிமிஷம்தானே" என்று மாட்டிவிட்டேன். மூன்றாம் நாள் பிளாஸ்டிக் கருகுகிற வாடை. தொட்டுப் பார்த்தால் கன்வர்ட்டர் இளகிப்போய் இருக்கிறது. கோமதி ஒன்றும் சொல்லவில்லை, பார்த்த பார்வை போதும். ஊரில் எத்தனை வீட்டுக்குப் போய் இதையே சொல்லித் திட்டியிருக்கிறேன் நான்! மறுநாளே 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்று தனி வயர் இழுத்துப் போட்டேன். நீ டிவிக்குப் பக்கத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். ஏலே, முதலில் அதைப் பிடுங்கு. பின்பக்கம் அனல் வெளியே வரும், சுவருக்கும் மெஷினுக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். இடம் இல்லை என்று கேஸ் அடுப்பின் மேல் மட்டும் தூக்கி வைத்துவிடாதே. கை தவறி யாராவது அடுப்பைத் திருகினால் போச்சு.

சரி, பஜ்ஜிக்கு வருவோம். பேரில் ஃபிரையர் என்று இருக்கிறதே தவிர, அதற்குப் பொரிக்கத் தெரியாது. உள்ளே மேலே ஒரு சூடேற்றும் கம்பி, அதற்கு மேல் ஒரு விசிறி. அனல் காற்றைக் கூடையைச் சுற்றிச் சுழற்றி அடிக்கிறது, அவ்வளவுதான். பேக்கரி அடுப்பைச் சின்னதாக்கி விசிறி மாட்டிய மாதிரி என்று வைத்துக்கொள். எண்ணெய்ச் சட்டியில் பஜ்ஜியைப் போட்டால் எண்ணெய் நாலா பக்கமும் ஒட்டிக்கொண்டு ஒரு நொடியில் மாவை இறுக்கிவிடுகிறது. காற்றுக்கு அந்தப் பிடிப்புக் கிடையாது. அது மாவை இறுக்குவதற்குள் மாவு வழிந்து கீழே போய்விடும். தப்பு உன் மாவில் இல்லை. கரைத்து ஊற்றுகிற, முக்கிப் போடுகிற எதுவும் அதில் வராது.

இதைக் கண்டுபிடித்தவர் நெதர்லாந்துக்காரர், ஃபிரெட் வான் டெர் வெய் என்று பேர். பிலிப்ஸ் கம்பெனி 2010-ல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. அந்த மனுஷருக்கு வேண்டியிருந்தது வீட்டில் மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு ஃபிரைஸ். வாழைக்காய் பஜ்ஜியைப் பற்றி அவருக்கு யார் போய்ச் சொன்னது?

நானும் ஆரம்பத்தில் எண்ணெய்ச் சட்டி செய்கிற வேலையெல்லாம் அதனிடம் கேட்டுக் கேட்டு ஏமாந்தேன். அப்பளம் போட்டேன். காற்று தூக்கிக்கொண்டுபோய் மேலே கம்பி வலையில் ஒட்ட வைத்துவிட்டது, வீடு முழுக்கக் கருகல் நாற்றம். கறிவேப்பிலையும் அப்படித்தான், பறக்கும். உளுந்த வடையைப் பற்றிப் பேசாமல் இருப்பது மரியாதை. ஆமவடை மட்டும் தட்டையாகத் தட்டி, இரண்டு பக்கமும் எண்ணெய் தடவி, நடுவில் திருப்பிப் போட்டால் தின்கிற பதத்துக்கு வரும். கொஞ்சம் வறட்டுத்தான். கோமதி அதற்கு 'மருந்து வடை' என்று பேர் வைத்திருக்கிறாள்.

இப்போது அதற்கு என்ன வரும் என்று சொல்கிறேன். கிழங்கு. அதிலும் சேப்பங்கிழங்கு. இதற்காகவே வாங்கலாம் என்பேன்.

அரைக்கிலோ சேப்பங்கிழங்கைக் குக்கரில் ஒரே விசில் விட்டு இறக்கு. குழைந்தால் காரியம் கெட்டது, கத்தி குத்தினால் கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும். தோலுரித்து இரண்டாக வகிர்ந்து, நன்றாக ஆறவிடு. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, ஒரு கரண்டி அரிசிமாவு, இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் எல்லாம் போட்டுக் கையால் பிசறு. கையால்தான், கரண்டியால் கிளறினால் ஓரமெல்லாம் உதிரும். தூள் எண்ணெயோடு சேர்ந்து கிழங்கில் ஒட்டியிருக்க வேண்டும். சும்மா மேலே தூவினால் காற்றில் பறந்து கருகிக் கசக்கும். மெஷினை மூன்று நிமிடம் வெறுமனே சூடாக்கிவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பு. 180 டிகிரி, பதினைந்து நிமிடம். எட்டாவது நிமிடத்தில் கூடையை இழுத்து ஒரு குலுக்குக் குலுக்கு. அப்போது கிழங்கு பொத் பொத் என்று விழும். பதின்மூன்றாவது நிமிடத்தில் இன்னொரு தரம் குலுக்கிப் பார், கூழாங்கல் மாதிரிக் கலகல என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் எடுத்துவிடலாம். மெஷின் எத்தனை நிமிடம் காட்டினாலும் சரி, நான் காதை நம்புகிறேன். கம்பெனிக்குக் கம்பெனி சூடு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

பரப்பிப் போடு என்றேன் இல்லையா, உன் இரண்டாவது புகாருக்கும் பதில் அதுதான். "ஃபிரைஸ் வேகவைத்த கிழங்கு மாதிரி சொதசொதவென்று இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். எவ்வளவு போட்டாய்? கூடை நிறைய என்று பந்தயம் கட்டுவேன். காற்று நுழைய வழியில்லாவிட்டால் கிழங்கு விடுகிற ஆவி உள்ளேயே நின்று அதையே அவித்துவிடும். நாலு லிட்டர் கூடை என்றால் முந்நூறு, நானூறு கிராமுக்கு மேல் போகாதே. உங்கள் நாலு பேருக்கும் வேண்டுமென்றால் இரண்டு ஈடாகப் போடு. கிழங்கைச் சுண்டுவிரல் கனத்துக்கு நறுக்கி அரைமணி நேரம் தண்ணீரில் போட்டுவை, அப்புறம் வடித்துத் துண்டால் ஈரம் போகத் துடை. ஈரத்தோடு போட்டால் முதல் ஐந்து நிமிடம் தண்ணீரை விரட்டவே போய்விடும். இரண்டு டீஸ்பூன் எண்ணெய் பிசறி 180-ல் பதினெட்டு நிமிடம், நடுவில் இரண்டு குலுக்கல், கடைசி இரண்டு நிமிடம் 200. உப்பு எடுத்தபிறகு போட்டால் போதும். எண்ணெயே இல்லாமல் செய்யலாம் என்று விளம்பரத்தில் காட்டுவார்கள், செய்துபார்த்தேன், காய்ந்த குச்சி.

தண்ணீரில் ஊறவைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாவுச்சத்து உள்ள பண்டத்தை 120 டிகிரிக்கு மேல் வாட்டினால் அக்ரிலமைட் என்று ஒரு வேண்டாத பொருள் உண்டாகிறது, 2002-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் சொன்ன விஷயம் இது. ஊறவைத்தால் மேலே இருக்கிற சர்க்கரை கழுவிப்போய் அது குறையும். அதுவும்போக, பொன்னிறத்தோடு நிறுத்து. உன் வீட்டில் கருகக் கருக வாட்டினால்தான் பிடிக்கும் என்று தெரியும். தங்கச்சியிடம் நான் சொன்னதாகச் சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை சொதி வைத்தோம். இஞ்சித் துவையல் கோமதி, உருளைக்கிழங்கு வறுவல் மெஷினில் நான். சொதிச் சோற்றுக்கு வறுவல் இல்லாவிட்டால் எங்கள் ஊரில் அதைச் சாப்பாடு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று உனக்குத் தெரியுமே. மச்சினர் வந்திருந்தார், மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். எதில் செய்தது என்று கடைசிவரை நாங்கள் சொல்லவில்லை.

மீன் தின்கிறாயா இப்போது? சாளை கிடைத்தால் விடாதே. அதிலேயே எண்ணெய் இருக்கிறது, நீ ஒரு சொட்டு ஊற்ற வேண்டாம். மசாலா தடவி 180-ல் பன்னிரண்டு நிமிடம், தோல் உப்பி மொறுமொறுவென்று நிற்கும். ஆனால் வாடை இரண்டு நாள் போகாது, சொல்லிவிட்டேன். கோழி என்றால் தயிரில் ஊறவைத்த துண்டுகள், 180-ல் பதினாறு, பதினெட்டு நிமிடம், நடுவில் திருப்ப வேண்டும். வெளியே சிவந்து உள்ளே வேகாமல் ஏமாற்றுகிற குணம் இதற்கு உண்டு. நான் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், கனமான துண்டின் நடுவில் 74 டிகிரி காட்டினால்தான் எடுப்பேன். மீட்டர் பார்த்தே பிழைத்தவன் புத்தி. கோழிக்கொழுப்பு கீழே சொட்டிப் புகைந்தால் கூடைக்கு அடியில், டிராயரில், இரண்டு கரண்டி தண்ணீர் ஊற்றிவிடு, அடங்கிவிடும்.

இது போக நிலக்கடலை வறுக்கலாம், 160-ல் எட்டு நிமிடம். நேற்றைய வடை, சமோசா எதுவானாலும் அதே 160-ல் நாலு நிமிடம் வைத்தால் புதிது மாதிரி ஆகிவிடும். உண்மையில் எங்கள் வீட்டில் அதிகம் நடப்பது இந்த வேலைதான்.

கரண்டு பில்லைப் பற்றிக் கேட்டிருந்தாய், என்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பாய். உன்னுடையது 1400 வாட் என்று எழுதியிருக்கிறாய். இருபது நிமிடம் விடாமல் எரிந்தாலும் அரை யூனிட்டுக்குக் கீழேதான். அதுவும் தெர்மோஸ்டாட் விட்டு விட்டுத்தான் எரியவிடும். தினம் ஒரு தரம் போட்டாலும் இரண்டு மாதத்துக்கு 28 யூனிட்டைத் தாண்டாது. உன் பில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கிறதென்றால் மட்டும் கவனம். அதைத் தாண்டினால் கணக்கே வேறு.

கொலஸ்ட்ராலுக்கு நல்லதுதானே என்கிறாய். எண்ணெய் குறைகிறது, வாஸ்தவம். அதற்காக வாரம் நாலு நாள் ஃபிரைஸ் தின்றால், உருளைக்கிழங்கு உருளைக்கிழங்குதான். டாக்டரிடம் மெஷினைக் காட்டித் தப்பிக்க முடியாது.

கார்த்திகைக்கு நீங்கள் இரண்டு பேரும் வருகிறீர்கள், பேச்சு மாறக் கூடாது. அன்றைக்குச் சாயங்காலம் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும், வாழைக்காய் பஜ்ஜி ஆளுக்கு நாலு. ஐந்தாவது கேட்டால் கோமதியிடம் நேரில் கேட்டுக்கொள். ஹாஸ்டல் பின்னால் டீக்கடையில் பேப்பரில் வைத்து அழுத்தி அழுத்தித் தின்றோமே, அந்த ருசி வருமா என்று தெரியாது. ஆனால் மாவு வழியாது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்,
சங்கரன்

பின்குறிப்பு: டிராயரில் ஒட்டியிருக்கிற அந்த மாவைக் கத்தி வைத்துச் சுரண்டிவிடாதே, பூச்சு போய்விடும். வெந்நீரில் பாத்திரம் கழுவுகிற சோப்பைக் கரைத்து அரைமணி நேரம் ஊறவிட்டு, பஞ்சால் துடைத்தால் தானே வந்துவிடும். மேலே கம்பியிலும் தெறித்திருக்கும். பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறியபிறகு மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்.