பாயைச் சுருட்டி வைத்த பிறகு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறி வடாம் காயவைக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பேசினால் நடுவில் உனக்கு வேறு கால் வந்துவிடுகிறது, எழுதினால் ஆற அமரப் படிப்பாய். உனக்குப் பின்னால் சேர்ந்த பெண்ணுக்கு டீம் லீட் கொடுத்துவிட்டார்கள், நீ ராத்திரி உட்கார்ந்து செய்ததை மேனேஜர் தன் வேலையாக மேலிடத்தில் காட்டினார், தூக்கம் சரியில்லை என்றெல்லாம் சொன்னாய். எல்லாவற்றுக்கும் கடைசியில், "தினம் காலையில சூரிய நமஸ்காரம் பண்றேன்ப்பா. ஆபீஸ்ல அவ முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போயிடுது. யோகாவால ஒரு பிரயோஜனமும் இல்ல" என்றாய். அந்தக் கடைசிப் பேச்சு எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஆசனத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நீ இருக்கிற புனேயிலேதான் யோகாசனம் சொல்லித்தந்த பி.கே.எஸ். ஐயங்கார் வாழ்ந்தார், 2014-ல் 95 வயதில் மறைந்தார். பாதத்தை எங்கே ஊன்றுவது, தோளை எப்படித் திறப்பது என்பதற்கே ஒரு வாழ்நாளைக் கொடுத்தவர். நம் திருமூலரும் "உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த் தேனே" என்று பாடியவர்தான். ஆகவே காலையில் நீ செய்வதை விடாதே. ஆனால் யோகாவுக்கு மூல நூலான பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரத்தை எடுத்துப் பார். சூத்திரம் என்றால் சின்னச் சின்ன வாக்கியம். மொத்தம் 195 சூத்திரம், சில பதிப்புகளில் 196. அதில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுவது மூன்றே மூன்று. அந்த மூன்றிலும் ஓர் ஆசனத்தின் பெயர்கூடக் கிடையாது. அசையாமலும் சுகமாகவும் உட்கார், உடம்போடு மல்லுக்கட்டாதே, அப்படி உட்கார்ந்தால் வெயில் குளிர் போன்ற இரட்டைகள் உன்னைத் தாக்காது, அவ்வளவுதான். மிச்சம் பெரும்பாலும் மனசைப் பற்றியது. மனசின் ஓட்டங்கள் அடங்குவதுதான் யோகம் என்று இரண்டாவது சூத்திரத்திலேயே சொல்லிவிடுகிறார்.

அப்படிப் பார்த்தால், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கிற அந்தக் கணத்தில்தான் உன் யோகா வகுப்பு ஆரம்பிக்கிறது. காலையில் பாயில் செய்வது அதற்கான தயாரிப்பு. பாயைச் சுருட்டி வைத்ததும் யோகாவையும் அதோடு சேர்த்துச் சுருட்டி வைத்துவிடுகிறோம். இது உன் தப்பு இல்லை, இப்போது பெரும்பாலான இடங்களில் அப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அந்த நூலின் முதல் பாதத்தில், அதாவது முதல் பகுதியில், 33-வது சூத்திரம் ஒன்று இருக்கிறது. பல வருஷமாக நான் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான். மனசு தெளிய வேண்டுமானால் நான்கு விதமான மனிதர்களிடம் நான்கு விதமாக இரு என்கிறது. சுகமாக இருப்பவரிடம் நட்பு. துன்பத்தில் இருப்பவரிடம் இரக்கம். நல்லது செய்பவரைக் கண்டால் மகிழ்ச்சி. தகாதது செய்பவரிடம் ஒட்டாமல் விலகி நிற்பது. உன் ஆபீசைக் கொஞ்சம் நினைத்துப் பார். நாலு பேரும் அங்கேயே இருக்கிறார்கள்.

இதில் முதலாவது ரொம்பச் சுலபம் என்று தோன்றும். சந்தோஷமாக இருப்பவரோடு சினேகமாக இருக்க என்ன கஷ்டம்? போன மாதம் எதிர்வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தோம். அந்தப் பையன் வெளிநாட்டில் உழைத்துக் கட்டிய வீடு. பந்தியில் என் பக்கத்தில் இருந்தவர், இலையில் கேசரி விழுவதற்குள்ளேயே, கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துப் பார்த்தார். "கிரானைட் இல்ல சார், டைல்ஸ்தான்." மாடிக்குப் போனோம். கைப்பிடிச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "லோன் எவ்வளவு இழுத்திருப்பான்?" என்றார். இறங்கி வரும்போது, "இங்க யார் இருக்கப் போறா, பூட்டித்தான் வைக்கணும்" என்றார். அந்த மனிதர் கெட்டவரே இல்லை. உன் பாட்டி தவறியபோது விடியற்காலை நாலு மணிக்கு முதல் ஆளாக வந்து நின்று, சாமியானாக்காரனை எழுப்பியவர் அவர்தான். துக்கத்துக்கு ஓடிவருகிறவருக்கு அடுத்தவர் சந்தோஷத்தில் கூட நிற்க முடியவில்லை. இது அவர் ஒருவரின் குணம் இல்லை, மனித மனசே அப்படித்தான் இருக்கிறது. பதஞ்சலி இரக்கத்துக்கும் முன்னால் இந்த நட்பை வைத்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். சூத்திரத்துக்கு விளக்கம் எழுதிய வாசஸ்பதி மிச்ரர், சுகப்படுகிறவரிடம் நட்புப் பாராட்டினால் சித்தத்தில் படிந்த பொறாமை என்கிற அழுக்கு போகும் என்கிறார்.

சரி, எப்படிப் பாராட்டுவது? வயிறு எரிகிறபோது நட்பு தானாக வருமா? வராது. அதனால்தான் அதைப் பாவனை என்கிறார்கள், வேண்டுமென்று மனசில் வளர்த்தெடுப்பது. நான் செய்வதைச் சொல்கிறேன். யாருக்காவது நல்லது நடந்தது என்று காதில் விழுந்ததும், வேறு எந்தப் பேச்சும் உள்ளே எழும்புவதற்கு முன்னால் "நல்லா இருக்கட்டும்" என்று மனசுக்குள் சொல்லிவிடுவேன். முதலில் வெறும் உதட்டுப் பேச்சாகத்தான் இருக்கும். இருக்கட்டும். அடுத்தது ஒரு சின்னச் செயல். அந்தப் பெண்ணிடம் போய், "இந்த வேலையை ஆரம்பித்துவிட்டாயா, எதுவும் வேண்டுமானால் கேள்" என்று ஒரு வார்த்தை சொல். லீட் பொறுப்பை அவள் உன்னிடமிருந்து பிடுங்கவில்லை, அவளுக்குக் கொடுத்தார்கள். அவள்மேல் உனக்கு இருக்கிற கோபத்தில் பாதி வேறு ஒருவருக்குச் சேர வேண்டியது, அதை நீயே யோசித்தால் தெரியும்.

அந்த வேறு ஒருவர் மேனேஜர். நாலாவது பாவனை இவருக்கு. அந்த விலகி நிற்பதற்கு உபேட்சை என்று பெயர். அப்படிச் சொன்னதும், வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்கிறாரே அப்பா என்று நினைத்துவிடாதே. உன் உழைப்பை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் கேட்கத்தான் வேண்டும். என்ன செய்தாய், எந்தத் தேதியில் செய்தாய் என்று எழுதி, மெயிலில் போட்டு, நேரம் கேட்டுப் போய்ப் பேசு. குரல் உயர வேண்டாம், காகிதம் பேசட்டும். உபேட்சை அதற்கு அப்புறம் ஆரம்பிக்கிறது. பேசி முடித்த பிறகு அந்த மனிதரை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிவராதே. நீ சாப்பிடும்போது தட்டுக்கு எதிரில் அவர், படுக்கும்போது தலைமாட்டில் அவர். அவர் தன் வீட்டில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பார். "இனி வரப்போகும் துன்பமே தவிர்க்கத் தக்கது" என்று இரண்டாம் பாதத்தில் ஒரு சூத்திரம் உண்டு. போன அப்ரைசல் போனதுதான். அடுத்ததில் இது நடக்காமல் இருக்க நீ எழுதப்போகிற மெயிலும் யோகாவில் சேர்த்திதான், என்னைக் கேட்டால்.

மூன்றாவதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சாயங்காலம் உட்கார்ந்து சொல்லித்தருகிற அந்தப் பெரியவரைப் பற்றி நீயே சந்தோஷமாகத்தான் பேசினாய்.

தூக்கத்துக்கு வருகிறேன். மனசு சிதறினால் கூடவே வருபவை என்று பதஞ்சலி ஒரு பட்டியல் தருகிறார்: துக்கம், மனத்தளர்ச்சி, உடம்பு நடுக்கம், சீரில்லாத மூச்சு. நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னாயே, அது இதுதானோ என்று நினைத்தேன். 33-க்கு அடுத்த சூத்திரமே மூச்சைப் பற்றியது, மூச்சை வெளியே விட்டு நிறுத்துவது. நீ நிறுத்தவெல்லாம் வேண்டாம், அதைப் பக்கத்தில் ஆள் வைத்துப் பழகவேண்டும். வெளியே விடுவதை மட்டும் நீளமாக்கு. படுப்பதற்கு முன்னால் நாற்காலியில் முதுகு நிமிர்ந்து உட்கார். நாலு எண்ணுகிற நேரம் மூக்கால் உள்ளே, ஆறு எண்ணுகிற நேரம் வெளியே. பழகினால் எட்டு வரை போகலாம், திணறுகிற மாதிரி இருந்தால் குறைத்துக்கொள். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு லேசாகக் கூடும், விடும்போது குறையும். அது உடம்பின் இயற்கை. அதனால்தான் நீளமாக விட விட உடம்பு தணிகிறது. பத்து நிமிஷம் போதும். போனை வேறு அறையில் வைத்துவிடு. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், நெஞ்சடைப்பும் தூக்கமின்மையும் இப்படியே நீண்டால் டாக்டரிடம் போ. யோகா செய்கிறேனே என்று தள்ளிப்போடாதே.

இது எதுவும் பலிக்கவில்லை என்று ஒரு வாரத்தில் போன் பண்ணாதே. நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்தால்தான் பழக்கம் ஊன்றி நிற்கும் என்று பதஞ்சலியே சொல்லியிருக்கிறார். மூன்றில் அந்த மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு சுற்று போடுவதைவிட, நாலு சுற்றை அக்கறையோடு செய்வது மேல். தாயுமானவரே "சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது" என்று பாடியிருக்கிறார். மத யானையை நடத்தலாம், கரடி புலி வாயைக் கட்டலாம், இது மட்டும் கஷ்டம் என்கிறார். அவருக்கே அரிதாக இருந்தது உனக்குச் சில மாதத்தில் கைகூடவில்லை என்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நேற்றுச் சாயரட்சைக்கு நடராஜர் சன்னதிக்குப் போயிருந்தேன். சின்ன வயதில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஆட்டத்தைப் பார்க்க வந்த பாதி உடம்பு பாம்பான பதஞ்சலி, புலிக்கால் முனிவர் வியாக்ரபாதர் கதையை அங்கே நின்று சொல்லியிருக்கிறேன். நீ பாம்பு உடம்புக்காரர் எப்படிக் கைதட்டுவார் என்று கேட்டாய். யோக சூத்திரம் எழுதியவர் அவரேதான் என்பது நம் ஊர் வழக்கு. "மன்று தொழுத பதஞ்சலி" என்று திருமூலர் அவரைத் தன்னோடு சேர்த்து எண்ணுகிறார். அதனாலோ என்னவோ, இந்தச் சூத்திரங்களை எங்கோ இமயமலையில் பிறந்த விஷயமாக நினைக்க எனக்கு வருவதில்லை. பந்தியிலும் பஸ்ஸிலும் ஆபீசிலும் பழகுவதற்காகப் பக்கத்துத் தெருக்காரர் சொல்லிவைத்தது மாதிரியே இருக்கிறது.

இரண்டாவது பாவனையை விட்டுவிட்டேன், வேண்டுமென்றேதான். உன்னோடு சேர்ந்த தோழியை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், அவள் கூப்பிட்டால் என்ன சொல்வதென்று தெரியாமல் போனை எடுக்காமல் இருக்கிறேன் என்றாய். இரக்கத்துக்கு நல்ல வார்த்தை தெரிந்திருக்கவேண்டும் என்று ஒன்றும் இல்லை, அம்மாடி. "சாப்பிட்டியா" என்று கேட்டாலே போதும், மிச்சத்தை அவள் பேசுவாள், நீ கேட்டுக்கொண்டிரு. வேலை தேட உன்னால் ஆகக்கூடியது ஏதாவது இருந்தால் செய்.

அம்மா பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள், திங்கட்கிழமை கூரியரில் போடுகிறேன். மேனேஜரைப் பார்க்க நாள் குறித்ததும் சொல். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் முதலில் அந்தத் தோழிக்குப் போன் பண்ணு, அப்புறம் எனக்கு.

அன்புடன்,
அப்பா
சிதம்பரம்