எழுத்துப் போட்டாச்சா?

பாலக்கோடு

அன்புள்ள மாதேஷ்,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்கு ஓசூரிலேயே வேலை அமைந்ததில் எனக்கும் நிம்மதி. இங்கே தக்காளி விலை வழக்கம்போலக் காலை வாருகிறது, அதை விடு.

போன ஞாயிறு பேத்தியோடு தர்மபுரியில் படம் பார்த்தேன். பஸ் லேட். இருட்டில் தடவி உட்கார்ந்ததும் பக்கத்துத் தம்பியிடம், "எழுத்துப் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டேன். படத்தில் வேலை செய்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடுவதைத்தானே நாம் எழுத்து என்போம்! அவன் முழித்தான். "இப்பல்லாம் கடைசியிலதான் தாத்தா போடுவாங்க" என்றாள் பேத்தி.

நம் டென்ட் சினிமாக் கொட்டாய் ஞாபகம் வந்துவிட்டது. சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு கேட்டதும் ஓடுவோமே! சென்சார் சர்டிபிகேட்டில் ரீல் எண்ணிக்கையைப் பார்த்து, படம் எத்தனை மணிக்கு விடும் என்று நீ கணக்குச் சொல்வாய். ஜெமினி ஸ்டுடியோ படமென்றால் ஊதுகுழல் ஊதும் இரட்டைப் பையன்கள். அப்புறம் என் வேலை. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது, ஒவ்வொரு பெயராக நான் சத்தமாக வாசிக்க வேண்டும். ஒளிப்பதிவையும் ஒலிப்பதிவையும் மாற்றிச் சொல்லி உன்னிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.

அந்த வரிசையில் எவ்வளவு அரசியல்! எல்லாப் பெயரும் வந்தபின் 'மற்றும்' என்று போட்டு ஒருவரைத் தனியாகக் காட்டுவார்கள். முதலிடம் கிடைக்காத பெரிய நடிகருக்கு அது ஒரு சமாதானம். புதுமுகத்துக்கு 'அறிமுகம்', சும்மா வந்துபோனவருக்கு 'நட்புக்காக'. டைரக்டர் பெயர் கடைசியில் வந்தால்தான் பாட்டி வெற்றிலையை மடிப்பாள்.

1992இல் ரஜினியின் 'அண்ணாமலை' வந்தது. தேவா இசையில் புள்ளி புள்ளியாக 'சூப்பர் ஸ்டார்' என்று எழுத்து விழ, ஒரே விசில். நானும் அடித்தேன். ஆனால் அந்த ஆரவாரத்தில் அடுத்து வந்த பெயர்களை எவன் படித்தான்?

இப்போது தொடக்கத்தில் நாலைந்து கம்பெனி முத்திரை, நீளமான நன்றிப் பட்டியல், விலங்குகளைத் துன்புறுத்தவில்லை என்ற உறுதி, 2012இலிருந்து புகையிலை எச்சரிக்கை. பிறகு நேராகக் கதை. கால் மணி நேரம் கழித்துத் திடீரென்று படத்தின் பெயர் விழுகிறது. சரி, சில படங்களில் அது நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.

முடிந்ததும் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் நின்றபடியே படித்தேன். லைட்மேன்கள் வரை வந்திருப்பேன், விளக்கைப் போட்டுவிட்டார்கள். எழுத்தெல்லாம் வெளுத்துப் போயிற்று. விளக்குமாறோடு ஓர் அம்மா காத்திருந்தார்.

மாங்காய் சீசன் முடிந்ததும் கிருஷ்ணகிரி வருகிறேன். ஒரு படம் பார்ப்போம். கடைசி வரிசையில் டிக்கெட் எடு, பெருக்குவதற்கு நாம் தடையாக இருக்க மாட்டோம்.

உன்,
செல்வம்