விங்கரின் முழங்கால்: ஐ.எஸ்.எல். அகாடமி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகிகளுக்கு வணக்கம்.

ஸ்டீவ் காப்பெலை உங்களுக்குப் பயிற்சியாளராகத் தெரியும். 2016 ஐ.எஸ்.எல்.லில் (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) கேரளா பிளாஸ்டர்ஸை இறுதிப்போட்டி வரை கொண்டுபோனவர். பிறகு ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. உங்கள் அகாடமிப் பையன்களுக்குத் தெரிய வேண்டியது அவருடைய முழங்கால்.

மான்செஸ்டர் யுனைடெட்டின் வலது விங்கர், அதாவது மைதானத்தின் வலது ஓரமாக ஓடித் தாக்கும் வீரர். 1977 முதல் 1981 வரை ஒன்றுகூட விடாமல் இருநூறுக்கும் மேற்பட்ட லீக் ஆட்டங்கள். 1981 நவம்பரில், வெம்பிளியில், இங்கிலாந்துக்காக ஆடிய ஹங்கேரிக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் அவர் முழங்காலில் ஒரு முரட்டு டேக்கிள். அதன்பின் அறுவை சிகிச்சை, ஆட்டம், மறுபடி வலி. 1982 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக இறங்க முடியவில்லை. 1983இல், 28 வயதில், ஆட்டம் முடிந்தது.

முழு வேகத்தில் ஓடி, ஒரு காலை ஊன்றி, சட்டென்று உள்ளே திரும்புவதுதான் விங்கரின் பிழைப்பு. பூட்ஸ் தரையில் மாட்டியிருக்க, தொடை மட்டும் சுழன்றால் முழங்காலின் நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸ் நசுங்கிக் கிழியும். அடிபட்ட இரண்டு மணி நேரத்துக்குள் முழங்கால் புடைத்தால் பெரும்பாலும் உள்ளே ரத்தம், ஏ.சி.எல். (முழங்காலை நிலையாகப் பிடித்திருக்கும் தசைநார்) அறுந்திருக்கலாம். மறுநாள் மெதுவாக வீங்கி, கால் முழுதாக நீளாமல் பூட்டிக்கொண்டால் மெனிஸ்கஸைச் சந்தேகியுங்கள். எம்.ஆர்.ஐ. பார்க்காமல் ஊசி போட்டு இறக்கினால் வலிதான் மறையும், கிழிசல் பெரிதாகும்.

கிழிந்த துண்டை வெட்டியெடுத்தால் ஒன்றிரண்டு மாதத்தில் ஆடலாம். தைத்தால் நான்கு முதல் ஆறு மாதம். அட்டவணையைப் பார்த்தால் வெட்டச் சொல்லத்தான் மனம் வரும். ஆனால் மெனிஸ்கஸ் குறையக் குறைய எலும்பு முனைகளில் சுமை கூடும், குருத்தெலும்பு தேயும். பையன் நாற்பதில் மாடிப்படி ஏறத் தடுமாறுவான். தைக்கக்கூடிய கிழிசலைத் தையுங்கள். திரும்ப இறக்கும்முன் அடிபட்ட காலின் தொடை வலிமையும் ஒற்றைக்கால் தாவலும் அடிபடாத காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது இருக்கட்டும். முழுப் பயிற்சிக்கு மறுநாள் வீங்கினால் இன்னும் ஆகவில்லை என்று பொருள்.

காப்பெல் தப்பித்தது முழங்காலால் அல்ல. ஆடிக்கொண்டே லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு முடித்தவர். 1984இல் கிரிஸ்டல் பேலஸ் மேலாளர், 1990இல் எஃப்.ஏ. கோப்பை இறுதி, 2005-06இல் இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீகில் ரெடிங் கிளப்புக்கு 106 புள்ளிகள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வன்று வெளியூர் ஆட்டத்துக்குப் பஸ் ஏற்றப்படும் பையனுக்கு இப்படி இன்னொரு கதவு எங்கே?

அடுத்த சீசன் ஒப்பந்தத்தில் மூன்றை எழுத்தில் சேருங்கள்: ஸ்கேன் முதல் பிசியோதெரபி வரை காப்பீடு, ஆடலாமா என்பதில் மருத்துவரின் முடிவே இறுதி, தேர்வு நாட்களில் விடுப்பு.

இப்படிக்கு,
இளையோர் கால்பந்துப் பயிற்சியாளர்கள், பிசியோதெரபிஸ்ட்கள்