நியூயார்க்கிலிருந்து அக்காவுக்கு

நியூயார்க்,
ஏப்ரல் 1927

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். நான் சௌக்கியம். அங்கே எல்லோருடைய சௌக்கியத்துக்கும் எழுது.

இந்த ஊர்ப் பெண்கள் எப்படி என்று கேட்டிருந்தாய். முதலில் தலைமுடி. காதோடு கத்தரித்துவிடுகிறார்கள். 'பாப்' என்று பெயர். ஆண்கள் முடி வெட்டிக்கொள்ளும் கடையிலேயே உட்கார்ந்து, காசு கொடுத்து வெட்டிக்கொள்கிறார்கள். நம் வீட்டில் பெண் தலையில் கத்தி பட்டதென்றால் அத்தைக்குத்தான். அவளை யார் கேட்டார்கள்? இந்த வரியை அவளுக்குப் படித்துக் காட்டாதே.

எங்கள் விடுதியில் பரிமாறும் பெண் முடியை வெட்டிக்கொண்டு போனபோது அவள் அப்பா பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். சிரித்துக்கொண்டே சொல்கிறாள். சம்பளத்தில் பாதி அம்மாவுக்கு; மீதி அவள் இஷ்டம். அப்பா என்ன செய்ய முடியும்?

தொப்பி, கவிழ்த்த சொம்புதான். புருவம் வரை இறங்குவதால், எதிரே வருபவரைப் பார்க்க மோவாயைத் தூக்க வேண்டும். நமக்கு அது கர்வமாகத் தெரிகிறது! கொண்டை இருந்தால் அது தலையில் ஏறாது. பாவாடை முழங்காலோடு நின்றுவிடுகிறது. ரேயான் என்ற செயற்கைப் பட்டில் காலுறை; அதை முழங்காலுக்குக் கீழே சுருட்டிவிட்டு முழங்காலுக்குப் பவுடர் பூசுகிறார்கள். அம்மா கேட்டால் மயக்கம் போட்டுவிடுவாள்.

1920-இல் பெண் என்பதற்காக ஓட்டு மறுக்கக் கூடாது என்று இந்த நாட்டில் சட்டம் வந்தது. அதே வருஷம் மதுவிலக்கும் வந்தது. ஆனால் கதவைத் தட்டி, சங்கேத வார்த்தை சொன்னால் உள்ளே எல்லாம் கிடைக்கும். முன்பு சாராயக் கடை பெரும்பாலும் ஆண்களுக்குத்தான். இந்தத் திருட்டுக் கடைகளில் பெண்களும் சரிசமமாக உட்காருகிறார்கள்.

இந்த ஊரில் கறுப்பர் அதிகம் வாழும் ஹார்லெமில் போன வருஷம் சவாய் என்ற நடன மண்டபம் திறந்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடுகிறார்கள். அருகிலேயே காட்டன் கிளப். அங்கே ஆடுவது கறுப்பர், உட்கார்ந்து பார்ப்பது வெள்ளையர் மட்டும். நம்மவருக்குக் குடியுரிமை கிடையாது என்று 1923-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. இந்தப் புதுக் காற்று யார் மேல் வீசுகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது.

நான் ஆடினேனா என்று கேட்பாய். சார்ல்ஸ்டன் ஆட முழங்காலை உள்ளே மடக்கிக் குதிகாலை வெளியே உதைக்க வேண்டும். பரீட்சை முடியட்டும்.

அப்புறம், உன் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்போவதாக அத்திம்பேர் எழுதியிருக்கிறார். இப்போது வேண்டாம் என்று நீ கண்டிப்பாகச் சொல். நானும் அவருக்குத் தனியாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி