எக்செல்லுக்கு முன் ஹெட்

ஆசிரியருக்கு வணக்கம்.

தரவுக் கோப்பு எதுவானாலும் முதலில் எக்செல்லில் திறந்து பாருங்கள் என்று உங்கள் கணினிப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். தானியங்கி மழைமானிக் கோப்புக்கு இது ஆகாது. நிமிடத்துக்கு ஒரு வரி எழுதும் கருவி இரண்டு ஆண்டில் 10,51,200 வரி எழுதிவிடும். எக்செல் தாளில் 10,48,576 வரிசைதான் உண்டு. தலைப்புக்கு ஒன்று போக, 2,625 வரி வெளியே நிற்கும். எச்சரிக்கையைப் படிக்காமல் சேமித்தால் இரண்டாம் ஆண்டின் டிசம்பர் 30 அதிகாலை 4.15 முதல் பெய்த மழை கணக்கிலேயே இருக்காது. வடகிழக்குப் பருவமழை பெறும் பழனி மலையில் அது சின்ன இழப்பா? போதாததற்கு, நிலையக் குறியீடு 0417 என்றிருந்தால் 417 ஆகிவிடும்.

லினக்ஸிலும் மேக்கிலும் ஹெட் என்றொரு கட்டளை இருக்கிறது. கட்டளைகளை அடிக்கும் சாளரமான டெர்மினலில் எச், இ, ஏ, டி என நான்கு சிறிய ஆங்கில எழுத்தை அடித்து, ஓர் இடம் விட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் முதல் 10 வரி வரும். 20 வரி வேண்டுமானால் பெயருக்கு முன்னால் '-என் 20' சேர்க்க வேண்டும். கேட்ட வரி வந்ததும் படிப்பதை நிறுத்திவிடுவதால் 5 ஜிபி கோப்பும் நொடியில் முடியும். கோப்பில் எதையும் மாற்றாது.

அந்தப் பத்து வரியில் பார்க்க வேண்டியவை: பிரிப்பது காற்புள்ளியா டேப்பா, தேதியில் முதலில் வருவது நாளா மாதமா, மழை மில்லிமீட்டரிலா அல்லது மானிக்குள் நிரம்பிக் கவிழும் சிறு வாளி கவிழ்ந்த எண்ணிக்கையிலா. மழைக்கு நேராக -999 இருந்தால் அந்த நேரத்து அளவு இல்லை என்று பெரும்பாலும் பொருள். அதையும் சேர்த்துக் கூட்டினால் மாத மழை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும்!

ஹெட்டோடு '-என்'னுக்குப் பதில் '-சி' சேர்த்தால், வரியை விட்டு, கோப்பின் சேமிப்பு அலகான பைட்டை எண்ணும். யூடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில் சேமித்த தமிழில் இங்கே கவனம் தேவை. 'கொடை' என்ற சொல்லுக்கே 12 பைட். '-சி 10' கொடுத்தால் 'கொட' வந்து, பின்னால் ஒரு கேள்விக்குறியோ கட்டமோ நிற்கும். கோப்பில் பழுதில்லை, எழுத்து நடுவில் வெட்டுப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அதே '-சி' சூரியப் படங்களுக்குக் கைகொடுக்கும். கொடைக்கானல் சூரிய ஆய்வகப் படங்கள் போன்ற ஃபிட்ஸ் (வானியல் படங்களுக்கான வடிவம்) கோப்புகளின் தலைப்பகுதி எழுத்துதான். ஆனால் வரிமுறிவே கிடையாது. வெறும் ஹெட் கொடுத்தால் படத்தின் பைட்டுகளும் சேர்ந்து கொட்டித் திரை குப்பையாகும். அப்போது 'ரீசெட்' அடித்தால் சரியாகும். '-சி 2880' கொடுத்து, குழாய்க்குறி (|) வழியாக, 80 எழுத்துக்கு ஒரு வரியாக மடிக்கும் 'ஃபோல்ட் -டபிள்யூ 80'க்கு அனுப்பினால் 36 வரி ஒழுங்காக நிற்கும். தலைப்பகுதி முடிவதைக் காட்டும் 'எண்ட்' என்ற வரி தென்படாவிட்டால் 5760 கேளுங்கள்.

விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் 'கெட்-கன்டென்ட்' கட்டளையோடு '-டோட்டல்கவுன்ட் 10' போட வேண்டும். பழைய பதிப்பில் '-என்கோடிங் யூடிஎஃப்8' விட்டுப்போனால் தமிழ் கிறுக்கலாகத் தெரியும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றாலும், மேலே எடுத்த சோற்றில் அடிப்பிடித்தது தெரியாது. மின்சாரம் போய்ப் பாதியில் அறுந்த வரி கோப்பின் கடைசியில் இருக்கக்கூடும். அதற்கு, கடைசி வரிகளைக் காட்டும் 'டெயில்' கட்டளையையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

— வாசகர்கள் சிலர், கொடைக்கானல்