ஞாயிறு ஆங்கில வகுப்பு: இந்த வாரம் போன்தான் பாடம்

தம்பிகளா, இந்த வாரம் புத்தகம் வேண்டாம். யூடியூபில் சிஎன்ஏ என்ற சிங்கப்பூர் ஆங்கிலச் சேனலின் செய்தி ஒன்று, இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாததாக எடுத்து, கீழே ஓடும் எழுத்தை (சப்டைட்டில்) அணைத்துவிட்டுக் கேளுங்கள், பிடிபடாவிட்டால் வேகத்தை 0.75-க்குக் குறைத்து இன்னொரு முறை, அப்புறம்தான் எழுத்தைப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். தானாக வரும் எழுத்து நம் ஆட்களின் பெயர்களைக் கண்டபடி அடித்துவைக்கும், அதை நம்பாதீர்கள். போன வாரம் ‘ஃபிஃப்டீன்’ஐ ‘ஃபிஃப்டி’ என்று எடுத்துக்கொண்டு நானே மூன்று முறை கேட்டேன்! வாசிப்புக்கு, அதே செய்தியின் ஃபேஸ்புக் பதிவு. கமெண்ட்டில் வரும் ‘லா’, ‘லோர்’ எல்லாம் சிங்லிஷ், அதாவது சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலம்; காப்பிக்கடையில் சரி, நேர்காணலில் வேண்டாம். புரியாத ஒரு வரியை வெள்ளி இரவுக்குள் குரல்பதிவாக இங்கே போடுங்கள். குட்மார்னிங் படம் போடாதீர்கள்.